சாமான் நிறையும்வரை நிற்கும் லொறியும், நேரத்துக்குப் புறப்படும் ரயிலும்



பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு புடவைக் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலிப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு நாளில், மன்னாரில் உள்ள என் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பில் போடும் கணனி திறந்த மூல மென்பொருளில் ஓடுகிறது. அதைப் பொருத்தித் தந்த தம்பி முதல்நாள் மாலை போன் எடுத்தார். "முதலாளி, புது வேர்ஷன் வந்திருக்கு. இரவைக்கே போட்டு விடட்டா?" என்றார். புதியது என்றால் நல்லதுதானே என்று நினைத்து, "போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

காலையில் கடை திறந்தால் பில்லில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக விழுகின்றன. "எழுத்துத்தானே, காசு சரியாக வந்தால் போதும்" என்று விட்டுவிட்டோம். பகல் போல ஒரு வயதான உம்மா திரும்பி வந்தார். "தம்பி, மிச்சக் காசு கூடத் தந்திட்டீங்க, எடுங்க" என்று காசை மேசையில் வைத்தார். அப்போதுதான் பார்த்தோம், கழிவை மெசின் இரண்டு தடவை கழித்துக்கொண்டிருந்தது. அந்த உம்மா திரும்பி வராவிட்டால் இரவு கல்லாப்பெட்டியை எண்ணும்போதுதான் தெரிந்திருக்கும். உடனே மெசினை நிறுத்தி, பழைய பில் புத்தகத்தைத் தூசு தட்டி எடுத்துக் கையால் எழுதினோம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. கடன் கணக்கு முழுவதும் அந்தக் கணனிக்குள்தான் இருந்தது. கடல் தொழில் செய்யும் குடும்பங்கள் சீசனுக்குச் சீசன் கொடுத்துத் தீர்க்கும் கணக்கு அது. அன்று இரவு பத்து மணிவரை அது திறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வாப்பாவின் கடன் கொப்பிகள் கடைக்குள்ளேயே நின்றுவிட்டன. யார் தர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் புத்தளத்தில் இருந்துகொண்டு பல வருடம் வாயால் சொல்லிச் சொல்லி நினைவில் வைத்திருந்தார். அன்றிரவு கணனிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

கணக்குத் திறந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கேள்வி மனதில் நின்றுவிட்டது. உலகம் முழுக்கப் பேர் எடுத்த மென்பொருள் ஏன் இப்படிக் காலை வாரிவிடுகிறது? கொழும்பில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கும் மகனிடம் கேட்டேன். "வாப்பா, எழுதிறதில பிழை வரத்தான் செய்யும். அதை எப்ப வெளியிடுறது, யார் பாத்து வெளியிடுறது, நாங்க எப்ப எடுக்கிறது, இந்த மூண்டும் சரியா இருந்தா அந்தப் பிழை கடைவரை வராது" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் நான் தெரிந்துகொண்டவை நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாளி இல்லாத பெரிய கடை

திறந்த மூலம் என்பதைப் புடவைக் கடைக்காரனின் பாஷையில் சொல்வதானால், சட்டையோடு அதை வெட்டிய அளவையும் சேர்த்துக் கொடுப்பது. வாங்கியவர் விரும்பினால் பிரித்துப் பார்க்கலாம், மாற்றித் தைக்கலாம், தைத்ததை மற்றவருக்கும் கொடுக்கலாம். லினக்ஸ், பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

இவற்றில் வேலை செய்பவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வேலை சேர்கிறது. சிலர் கம்பனிச் சம்பளத்தில் செய்கிறார்கள், சிலர் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். "நாளைக்குள் முடி" என்று எல்லோருக்கும் கட்டளையிட அங்கே ஒரு முதலாளி இல்லை. அப்படியானால் எந்த நாளில் பொதியைக் கட்டி அனுப்புவது? பெரிய திட்டங்கள் பல வருடம் தடுமாறியது இந்தக் கேள்வியில்தான்.

லொறியும் ரயிலும்

ஆரம்பத்தில் அவர்கள் செய்தது நம் புறக்கோட்டை லொறி மாதிரி. சாமான் நிறைந்தால்தான் புறப்படும். இன்னும் இரண்டு பொதி வரவேண்டும், இன்னொரு கடைச் சரக்கு ஏற வேண்டும் என்று நிற்கும். கடைசியில் பெருநாள் சரக்கு பெருநாள் முடிந்த பிறகு வந்து சேரும்.

லினக்ஸ் கேர்னலின் 2.4 பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது. அடுத்த பெரிய பதிப்பான 2.6 வந்தது 2003 டிசம்பரில், ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்ற தொகுப்புக்கும் இதே கதைதான். 2002 ஜூலையில் ஒரு வெளியீடு, அடுத்தது 2005 ஜூனில். நடுவில் காத்திருந்தவர்கள் புதிய கணனிகளை வாங்கிவிட்டுப் பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டினார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, வியாபாரிக்கு உடனே பிடிபடும். அடுத்த லொறி எப்போது என்று தெரியாவிட்டால் எல்லோரும் இந்த லொறியிலேயே ஏற்றப் பார்ப்பார்கள். அரைகுறையாக மூட்டை கட்டினாலும் ஏற்றிவிடத்தான் நினைப்பார்கள். விட்டால் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமே! அரைகுறைச் சரக்கு ஏறஏற அதைச் சீர்செய்ய நேரம் எடுக்கும். லொறி இன்னும் பிந்தும். பிந்தப் பிந்த இன்னும் சரக்கு வரும். தாமதம் தாமதத்தைப் பெற்றெடுக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட மருந்து ரயில். உண்மையிலேயே அந்தத் துறையில் இதை 'வெளியீட்டு ரயில்' என்றுதான் சொல்கிறார்களாம். மன்னார்க்காரனான எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. எங்கள் தலைமன்னார் ரயில் யுத்தத்தால் நின்றுபோய், 2015 மார்ச் 14இல் மறுபடியும் இறங்குதுறைவரை ஓடத் தொடங்கியது. அதற்கும் முந்திய காலத்தில், ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலேறி இராமேஸ்வரம் போய் வந்தவர்கள் எங்கள் குடும்பங்களில் உண்டு. நேரத்துக்கு ஸ்டேசனில் நிற்காதவனுக்காக ரயில் நிற்காது என்று வாப்பா சொல்வார். தவறவிட்டவன் அடுத்த ரயிலில் போவான். அடுத்த ரயில் எப்போது என்று தெரிந்திருப்பதால் அவன் அவசரப்பட்டு ஓடி விழவும் மாட்டான்.

நொம் என்ற திட்டம் 2002க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற முறைக்கு வந்தது. உபுண்டு 2004 ஒக்டோபரில் தொடங்கியபோதே அதே ஆறு மாத முறையை எடுத்துக்கொண்டது. கேர்னல் 2005 அளவில் தன் முறையை மாற்றியது. முதல் இரண்டு வாரம் புதியவற்றை ஏற்றிக்கொள்வார்கள், பிறகு கதவை மூடிவிடுவார்கள். அதன்பின் வாரம் ஒரு ஒத்திகைப் பதிப்பு வரும், அதில் பிழைதிருத்தம் மட்டும்தான். ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு வந்துவிடும். இன்றும் இப்படித்தான் ஓடுகிறது.

டெபியனின் தலைவராக 2003 முதல் 2005 வரை இருந்த மார்ட்டின் மிஹில்மயர், பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்தார். டெபியன், லினக்ஸ் கேர்னல், நொம் உட்பட ஏழு திட்டங்களை எடுத்துப் பார்த்து 2007இல் அவர் முடித்த ஆய்வின் சாரம் இதுதான்: கட்டளையிட முதலாளி இல்லாத இடத்தில் நாட்காட்டிதான் முதலாளி. திகதி தெரிந்தால் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே திட்டமிட்டுக்கொள்வார், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. டெபியனும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கதவடைக்கும் முறைக்கு வந்தது.

கதவடைப்பில்தான் தரம் இருக்கிறது

திகதி குறித்தால் மட்டும் போதாது. ரயில் புறப்பட முன் சோதிக்க வேண்டுமே! அதற்காகத்தான் 'உறைநிலை' என்ற காலத்தை வைத்திருக்கிறார்கள். நொம் போன்ற திட்டங்களில் அது படிப்படியாக வருகிறது. முதலில் புதிய வசதிகள் சேர்ப்பது நிற்கும். பிறகு திரையின் தோற்றத்தில் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு திரையில் வரும் சொற்களை மாற்றக் கூடாது. கடைசியில் மிக அவசியமான திருத்தம் தவிர எதுவும் இல்லை.

இதில் சொற்களை உறைய வைப்பது நம் மொழிக்காரர்களுக்கு முக்கியமானது. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் சில பேர்தான், அவர்களும் ஓய்வு நேரத்தில் செய்பவர்கள். கடைசி நாள்வரை ஆங்கிலச் சொற்களை மாற்றிக்கொண்டே இருந்தால் அவர்கள் எப்படி ஈடுகொடுப்பது? மெனுவில் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வருவதைப் பார்த்து மொழிபெயர்த்தவரை நாம் குறை சொல்கிறோம். பல சமயம் குறை அவரிடம் இல்லை, அவருக்குக் கிடைக்காத அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் இருக்கிறது.

ரயிலே ஆனாலும் பாலம் உடைந்திருந்தால் நிற்கத்தான் வேண்டும். உபுண்டுவின் முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 2006 ஏப்ரலில் வர இருந்தது. தரம் போதாது என்று ஆறு வாரம் பிந்தி ஜூனில் விட்டார்கள். அதனால்தான் அதன் இலக்கம் 6.06. எத்தனை நாள் பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி விட்டார்கள். சரக்கு பிந்தும் என்று முன்னரே சொல்லும் மொத்த வியாபாரியிடம் நமக்குக் கோபம் வருவதில்லை. போனை எடுக்காதவரிடம்தான் வருகிறது.

வேகம் கூடினால் வரும் சிக்கல்

இதில் எதிர்ப் பக்கமும் உண்டு. பயர்பொக்ஸ் 2011 மார்ச்சில் நான்காம் பதிப்பை விட்டது. பிறகு ஆறு வாரச் சுற்று முறைக்கு மாறி, ஜூனில் ஐந்தாம் பதிப்பையும் விட்டது. வீட்டில் பாவிப்பவர்களுக்கு அது வசதி. நூற்றுக்கணக்கான கணனிகளை வைத்திருக்கும் நிறுவனங்களோ, ஒன்றைச் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறதே என்று கத்தினார்கள். 2012இல் அவர்களுக்காகத் தனி வரிசை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் ஏறத்தாழ ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், புதிய வசதிகள் வந்து குழப்பா.

இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். பெரிய திட்டங்கள் பலவற்றில் இரண்டு வரிசை இருக்கிறது, புதியதை விரும்புபவர்களுக்கு ஒன்று, நிம்மதியை விரும்புபவர்களுக்கு ஒன்று. உபுண்டுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து வருட ஆதரவு உண்டு. நம் கடைக்கு வேண்டியது இந்த இரண்டாவது வரிசை. என் கடையில் ஓடிக்கொண்டிருந்தது முதலாவது. அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

நம் நாட்டுக் கதை

இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்த சில நாட்களுக்குள் நம் நாட்டுக் கணனித் துறைத் தொண்டர்கள் கூடி, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்ய ஒரு மென்பொருள் செய்தார்கள். அதுதான் 'சஹனா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணைநின்றது.

அந்த நேரத்தில் உறைநிலையும் ஒத்திகையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்று எழுதியதை இன்றே ஓடவிட்டார்கள், அது சரிதான். ஆனால் அதே பொருளை மற்ற நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, 2005இல் அதை அடியிலிருந்து மறுபடி எழுதினார்கள். அவசரத்துக்குக் கட்டிய கொட்டிலை நிரந்தரக் கடையாக வைத்திருக்க முடியாதல்லவா? பாகிஸ்தான் பூமியதிர்ச்சி, பிலிப்பைன்ஸ் மண்சரிவு, பிறகு ஹெயிட்டி என்று சஹனா பல இடங்களுக்குப் போனது. சமூகப் பயனுக்காக 2006ஆம் ஆண்டுக்குரிய சர்வதேச விருதொன்றை ஃபிரீ சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு வழங்கியது.

நம் நாட்டுப் பொறியியலாளர்கள் அபாச்சி என்ற உலக அமைப்பின் திட்டங்களிலும் நிறைய உழைத்திருக்கிறார்கள். அங்கே வெளியிட வாக்கெடுப்பு வைக்கிறார்கள். தயாரான பொதியை எல்லோர் முன்னும் வைத்து வழமையாக எழுபத்திரண்டு மணி நேரமாவது அவகாசம் கொடுப்பார்கள். பொறுப்பிலுள்ள உறுப்பினர்களில் குறைந்தது மூன்று பேர் அதை இறக்கிப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். 'சரி' என்பவர்கள் 'சரியில்லை' என்பவர்களைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். பொதியைக் கட்டியவர் ஒருவர், பிரித்துப் பார்த்தவர்கள் வேறு பேர். நம் கணக்கிலும் எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்றுதானே வைத்திருக்கிறோம்?

கட்டுக்குள் வந்த கள்ளச் சரக்கு

புறக்கோட்டையில் மாதிரித் துண்டைக் காட்டிவிட்டுக் கட்டுக்குள் வேறு துணியை வைத்து அனுப்பியதால் அடிபட்டவர்கள் நம்மில் உண்டு. 2024 மார்ச்சில் மென்பொருள் உலகில் அதுதான் நடந்தது. எக்ஸ்-இசட் என்ற சிறிய கருவி லினக்ஸ் கணனிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. பல காலம் உதவியாளராக வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். அதை இயக்கிவிடும் பகுதி எல்லோரும் பார்க்கும் மூலத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது.

பிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர். கணனிக்குள் நுழைய வழமையைவிட அரை செக்கன் கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார், அகப்பட்டுவிட்டது. டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனை வரிசைகளில் அது ஏறியிருந்தது, நிலையான வரிசைகளுக்குள் இன்னும் வரவில்லை. மெதுவாக எடுப்பவர்கள் தப்பினார்கள். உபுண்டு தன் பீட்டாப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்து, கள்ளக் கதவு வந்த பிறகு கட்டப்பட்டிருந்த பொதிகளைப் புதிதாகக் கட்டியது. டெபியன்காரர்கள் அதற்குப் பல வருடம் முன்னரே ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் எழுத்துப் பிசகாமல் அதே பொதி வர வேண்டும் என்பது அதன் நோக்கம். மாதிரியும் கட்டும் ஒன்றா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதைக் கேட்டு, "அப்படியானால் அப்டேட்டே வேண்டாம்" என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணனிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய வசதிக்கான பதிப்பைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொள்வதுதான் கெட்டித்தனம்.

நாம் செய்ய வேண்டியது

மென்பொருளைப் பொருத்தித் தருபவரிடம் நான் இப்போது கேட்பவற்றைச் சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

1. என் கடையில் ஓடுவது நீண்டகால ஆதரவுப் பதிப்பா? ஆதரவு எந்த வருடம் முடிகிறது?

2. புதிய பதிப்பின் இலக்கம் பூச்சியத்தில் முடிந்தால் காத்திருங்கள். உபுண்டுவே பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்குப் புதியதை '.1' வந்த பிறகுதான் பரிந்துரைக்கிறது. 2024இல் அந்த '.1' கூட, மாறும்போது வந்த பிழைகளால் இரண்டு வாரம் பிந்தியது.

3. கடைக் கணனியில் நேரடியாகப் போடக் கூடாது. வேறொரு கணனியில் நம் கணக்கின் கொப்பியை வைத்துப் போட்டு, பத்து பில் அடித்துப் பார்க்க வேண்டும். கழிவு, வற், தமிழ் எழுத்து, கடன் கணக்கு நான்கையும் கடைக்காரரே பார்க்க வேண்டும்.

4. பழையதற்குத் திரும்பும் வழி கையில் இருக்க வேண்டும். போடுவதற்கு முன் முழுக் கணக்கையும் கொப்பி எடுத்து, கடைக்கு வெளியே ஒரு இடத்தில் வையுங்கள். அந்தக் கொப்பி திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத கொப்பியை நம்பிப் படுக்க முடியாது.

5. பில் புத்தகம் ஒன்று எப்போதும் மேசைக்குள் இருக்கட்டும்.

அந்தத் தம்பியை நான் மாற்றவில்லை. தவறில் பாதி என்னுடையது. பெருநாள் வாரத்தில் கல்லாப்பெட்டியில் கை வைக்க யாருக்கும் விட மாட்டேன், கணனியில் விட்டுவிட்டேனே! இப்போது இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் கடைக்கும் ஓர் உறைநிலை வைத்திருக்கிறோம். இரண்டு பெருநாட்களுக்கும் முந்திய மூன்று வாரமும், வருடக் கணக்கு முடிக்கும் வாரமும், அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர எதுவும் போடுவதில்லை. அதற்குரிய திகதிகளை வருட ஆரம்பத்திலேயே கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டுவிடுகிறோம்.

பதிப்பு மாற்றுவதானால், பெருநாள் கழிந்து வியாபாரம் ஓய்ந்திருக்கும் ஒரு கிழமையில், காலையில்தான் செய்கிறோம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதில்லை. தம்பி போன் எடுத்து, "முதலாளி, புது வேர்ஷன் வந்திருக்கு" என்று இப்போதும் சொல்வார். "எந்த வரிசையில தம்பி?" என்று நான் கேட்பேன். அவர் சிரிப்பார்.